எஸ்தர் மேடமும் ஒரு கை உப்பும்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது, அதனால்தான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் இதுவும் சுலபமாக இல்லை. முன்னே பின்னே இருக்கும். சிலது மறந்தும் போயிற்று. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டது நிவேதிதா. சிறுமியாக இருந்தபோது எங்கள் ஐஸ் தளத்தில் சறுக்கக் கற்றுக்கொண்டவள். இப்போது வண்டலூர் பக்கம் திறக்கப்போகும் பெரிய தளத்தில் அவள்தான் கோச். அங்கே ஐஸ் போடுவதற்கு ஒரு வண்டியே வந்திருக்கிறதாம். ஒருவர் மேலே உட்கார்ந்து ஓட்டினால் போதுமாம்.

"ஆன்ட்டி, நீங்க கையாலேயே ஐஸ் போட்டீங்கல்ல, அதை எழுதிக் குடுங்க. திறப்பு விழா மலர்ல போடுறோம். எஸ்தர் மேடத்தைப் பத்தியும் எழுதுங்க. இப்ப இருக்கிற பசங்களுக்கு அவங்க யாருன்னே தெரியாது" என்றாள்.

அவளுக்கே தெரியாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

நான் கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி அனகாபுத்தூர் வந்தேன். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தெருத் தெருவாக மீன் விற்றேன். கழுத்து நரம்பு பிசகி, இனிமேல் தலையில் கூடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடிக்கையாக மீன் வாங்கும் ஒரு அம்மா, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு வணிக வளாகத்தில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கட்டடத்தின் அடித்தளத்தில் ஐஸ் தளம். ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவுதான் இருக்கும்.

மேனேஜர் சுந்தரம் சார், "ஐஸ் பக்கத்துலயே நிக்கணும்மா, குளிரும், பரவாயில்லையா?" என்று கேட்டார். பழக்கம் சார் என்றேன். எனக்குத் தெரிந்த ஐஸ் மீன் பெட்டியில் மீனுக்கு மேலும் கீழும் போடுவது. வெறும் ஐஸை இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை.

எனக்கு முன்பே அங்கே வேலைக்கு இருந்தவள் கன்னியம்மா. வயதில் என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் ரொம்பப் பெரியது. முதல் நாள் நான் கம்பி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, "இன்னாக்கா, மீனைக் காணோமேன்னு பாக்குறியா? பத்து மணிக்கு வரும் பாரு, ஜீன்ஸ் பேன்ட் போட்டுகினு" என்றாள்.

அப்படித்தான் வரும். கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள், விழுவார்கள், சிரிப்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் ஷூ எடுத்துக் கொடுப்பது, ஈரம் துடைப்பது, தரை பெருக்குவது, காலையில் ஐஸ் மேல் தண்ணீர் ஊற்றுவது. முதல் வருஷம் இப்படியே போயிற்று.

எஸ்தர் மேடம் வந்தது ஒரு காலை நேரம், டிக்கெட் கவுன்டர் திறக்கும் முன்னால். முகத்தைப் பார்த்து, ஒரகடம் பக்கத்துக் கார் கம்பெனிக் கொரியாக்காரர் யாரோ என்று நினைத்தோம். பாதி சரி. அவருடைய அண்ணன்தான் அந்தக் கம்பெனியில் இன்ஜினியர். மேடம் பிறந்து வளர்ந்ததெல்லாம் அமெரிக்காவில். பெயர் கேட்டதும் கன்னியம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "எங்க தெருவுலயே ரெண்டு எஸ்தர் கீறாங்க. இந்தம்மா எப்டிக்கா எஸ்தரு?" கொரியாப் பெயர் ஒன்றும் இருந்தது. எங்கள் வாயில் அது வரவே இல்லை, விட்டுவிட்டோம்.

அவர் ஷூ கேட்கவில்லை, டிக்கெட்டும் கேட்கவில்லை. கம்பிக் கதவைத் தாண்டி முட்டி போட்டு, உள்ளங்கையை ஐஸ் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஜுரம் பார்ப்பது போல இருந்தது. பிறகு சுந்தரம் சாரிடம் ஏதோ கேட்டார். சார் எங்களைக் கை காட்டினார். ஐஸை யார் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். நான் ஷூ அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

திட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் திட்டினதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வந்தார். அதற்கு முன்னால் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அதுவரை நாங்கள் வாளியில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தோம். அது விழுந்த இடத்திலேயே அலை அலையாக உறைந்துவிடும். மேடம் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீர் கேட்டார்.

"சுடுதண்ணியா? ஐஸு கரஞ்சுடாதா மேடம்?" என்று கன்னியம்மா கேட்டாள். சார் மொழிபெயர்த்துச் சொன்னார்: சூடான தண்ணீர் மேல்ஐஸை லேசாக இளக்கி, கீறலுக்குள் இறங்கி, பழையதோடு ஒன்றாகச் சேர்ந்து உறையும். பச்சைத் தண்ணீர் மேலே தனியாக ஒட்டிக்கொண்டு, பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும்.

தினமும் காலையில் செய்த வேலை இதுதான். முதலில் அகலமான தகடு வைத்த நீளக் கழியால் தளம் முழுக்கச் சுரண்ட வேண்டும். தேங்காய்த் துருவல் போல வெள்ளையாக ஐஸ் தூள் வரும். அதை ஓரமாகத் தள்ளிக் குவிக்க வேண்டும். பிறகு முட்டி போட்டு, குழி இருக்கும் இடத்தையெல்லாம் கையால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குழி கைக்குத் தெரியும். தூளில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து குழியில் அழுத்தி, உள்ளங்கையால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். எல்லாம் இறுகிய பிறகு, துளை போட்ட குழாயில் துணி சுற்றி, அதில் சுடுதண்ணீர் விட்டு, பின்னாலேயே நடந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடம் மேடு கட்டிவிடும். தண்ணீர் ஆறி உறையும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. கண்ணாடி போல ஆகும்.

எந்தக் குழி யாருடையது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. பிள்ளைகளுடையது கம்பி ஓரமாகச் சின்னச் சின்னதாக இருக்கும். மேடம் ஆடுவதால் விழும் குழி வேறு. தளம் சின்னது என்பதால் அவருக்கு ஓடிவர இடம் போதாது. வாசல் பக்க மூலையில் ஆரம்பித்துக் குறுக்காக ஓடி, எதிர் மூலைக்கு முன்னால் எகிறிச் சுழன்று, மூலையை ஒட்டி ஒற்றைக் காலில் இறங்குவார். அந்த மூலைப் பக்கம் வேறு யாரும் போக மாட்டார்கள். தினமும் அங்கே ஆழமாக ஒரு வெட்டு இருக்கும். அதை நான்தான் நிரப்புவேன்.

அவருடைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க மாட்டார், எங்களையும் தூக்க விட மாட்டார். பக்கத்தில் போய் நிற்பார். கையை நீட்டவும் மாட்டார். பிள்ளை அழுது முடித்து, முட்டியை ஊன்றித் தானே எழுந்த பிறகுதான் தோளைத் தட்டுவார். "தூக்கறான் நோ. பக்கம் நில்லு" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்வார். தாய்மார்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நிவேதிதாவின் அம்மா ஒரு தடவை சண்டைக்கே வந்துவிட்டார். பிறகு அவரும் கம்பிக்கு வெளியே நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் பழகிவிட்டார்.

பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் கட்ட எனக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் மடியும் இடத்தில் இறுக்கமாக, மேலே மறுபடியும் கொஞ்சம் தளர்வாக. பழகினதும் அவருடைய ஷூவையும் நானே கட்ட ஆரம்பித்தேன். முதல் நாள் என் மடியில் காலை வைக்க அவருக்குக் கூச்சம், அந்தக் காலைத் தொட எனக்குக் கூச்சம். இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கட்டி முடித்தோம்.

அந்த நேரத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் பாதி புரியாது. புரியாததை நிவேதிதாவிடம் கேட்டுக்கொள்வேன். அப்பா அம்மாவுக்கு அமெரிக்காவில் சலவைக் கடை. அம்மா விடியும் முன்னால் கார் ஓட்டி ஐஸ் தளத்துக்குக் கூட்டிப் போவாராம், பிறகு வந்து கடை திறப்பாராம். சிறுமியாக இருந்தபோது அமெரிக்காவுக்காக ஆடியிருக்கிறார். பெரியவளானதும் அங்கே இடம் கிடைக்கவில்லை. அப்பா அம்மா பிறந்த நாட்டுக்காக ஆடப் போனார். "அமெரிக்கால கொரியன். கொரியால அமெரிக்கன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் பேசும் கொரிய மொழியைக் கேட்டு அங்கே கூட ஆடும் பெண்களே கேலி செய்வார்களாம். ஒரு பெரிய போட்டியில் விழுந்து வலது இடுப்பு எலும்பு பழுதாகி, ஆபரேஷன் ஆகி, ஆட்டமே போதும் என்று விட்டுவிட்டுத்தான் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார். சில மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். நம் ஊர்ப் பிள்ளைகள் அவரைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் கொரியாவிலிருந்து போன் வந்தது. யாருக்கோ அடிபட்டு ஒரு இடம் காலியாம். தேர்வுக்கு வந்து ஆடிக் காட்டினால் அந்த வருஷப் போட்டிக்கு எடுத்துக்கொள்வார்களாம். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும். அந்த ஆட்டத்தில் அது கிழவி வயது என்றார். இதை விட்டால் இனி இல்லை என்பது எங்களுக்கே புரிந்தது.

அன்றிலிருந்து அவர் வெள்ளென வந்துவிடுவார். நானும் கன்னியம்மாவும் அதற்கு முன்னால் வந்து ஐஸ் போட்டுவைப்போம். ஓவர்டைம் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. மேடம் எகிறுவதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் வந்தோம். கன்னியம்மா துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். "இதுக்கு மேல போனா அந்தம்மா எறங்காதுக்கா, பறந்துடும்" என்பாள்.

அந்த நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் காலைத் தானாக உயர்த்தி என் மடியில் வைப்பார். இப்போது வலது காலை இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி வைத்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். நான் முகத்தைப் பார்த்தேன். "ஓகே தேசாக்கா, டைட்" என்றார். எல்லாரையும் போல அவரும் என்னைத் தேசாக்கா என்றுதான் கூப்பிடுவார். கட்டினேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் கடைசி நாள் பயிற்சி. பிள்ளைகள், தாய்மார்கள், சுந்தரம் சார் எல்லாரும் விடியற்காலையிலேயே வந்து கம்பியைச் சுற்றி நின்றார்கள். வளாகத்தின் செக்யூரிட்டிகூட வந்திருந்தார். அத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் கன்னியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நான் லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது முந்தானையில் முடிந்துவைத்திருந்த கல்லுப்பை ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், ஒரு நிமிசம், கெழக்கால பாத்து குந்துங்க. இம்மாங் கண்ணும் உங்க மேலதான் கீது."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் திரும்பி உட்கார்ந்தார். கன்னியம்மா தலையைச் சுற்றி மூன்று தடவை சுற்றினாள். "ஊரு கண்ணு, உறவு கண்ணு, கொள்ளிக் கண்ணு எல்லாம் கரஞ்சு போவட்டும். த்தூன்னு துப்புங்க மேடம்." மேடம் சிரித்துக்கொண்டே, சத்தம் வராமல் துப்பினார். பிள்ளைகளும் சிரித்தார்கள். கன்னியம்மா கையை மூடியபடி எழுந்து போனாள். தண்ணீர்த் தொட்டியில் கரைக்கப் போகிறாள் என்று நினைத்து, நான் குனிந்து இடது காலைக் கட்டினேன்.

மேடம் இறங்கிச் சுற்றி வந்தார். உடம்பு சூடாக வெகு நேரம் மெதுவாகச் சுற்றினார். பிறகு வாசல் மூலைக்குப் போய் நின்றார். எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். குறுக்காக ஓடி வந்தார், எகிறினார், சுழன்றார். இறங்கினார். இறங்கின கால் சறுக்கிப் போகாமல் சரக்கென்று நின்றுவிட்டது, உடம்பு மட்டும் முன்னால் போயிற்று. வலது இடுப்பு ஐஸில் மோதின சத்தம் கம்பி வரைக்கும் வந்தது.

யாரும் ஓடவில்லை. அதுதான் அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. நிவேதிதாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சறுக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றார்கள். கை நீட்டவில்லை. அவர் எழுந்திருப்பார் என்று நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம். கையை ஊன்றினார். ஊன்றின கை வழுக்கியது. மறுபடியும் ஊன்றினார். பிறகு கன்னத்தை ஐஸ் மேல் வைத்து, "தேசாக்கா" என்று கூப்பிட்டார்.

அப்போதுதான் ஓடினோம்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, நான் அந்த மூலைக்குப் போய் முட்டி போட்டுக் கையால் தடவினேன். நான் காலையில் நிரப்பின இடம் பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்து, அம்மைத் தழும்பு போல இருந்தது. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் தண்ணீர். மீன் பெட்டியில் ஐஸுக்கு உப்புப் போட்டவளுக்கு அதைப் பார்த்தால் தெரியாதா? நான் தலை நிமிர்ந்தபோது கன்னியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கால் படாத எடத்துல தண்ணில கரைக்கணும்க்கா. ஐஸும் தண்ணிதானேன்னு... அந்த மூலைக்கு யாருமே போவலியேன்னு போட்டேன்க்கா."

எறியும்போது மேடத்தை நினைத்தாளே தவிர, மேடம் எங்கே இறங்குவார் என்பதை நினைக்கவில்லை. குழி நிரப்பினது நான்தானே, அவள் அந்த மூலையைக் கையால் தொட்டதே இல்லை.

சுந்தரம் சார் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. கன்னியம்மாவே சொன்னாள். சார் நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு அவர் குரல் வேறாக இருந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஐஸ் மேல ஒரு சாமானும் போடக் கூடாதுன்னு! ஒரு பொண்ணோட லைஃபே போச்சு தெரியுமா உனக்கு? நாளைலேருந்து வராத" என்றார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கொரியாவுக்கு மேடம் போகவில்லை. சில நாள் கழித்து, ஊன்றுகோல் வைத்துக்கொண்டு, அண்ணன் பிடித்துக்கொள்ள வந்தார். வந்ததும் கன்னியம்மா எங்கே என்று கேட்டார். சார் நடந்ததைச் சொன்னார். உப்பு என்றதும் அவர் முகம் மாறியது. பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். சார் ஒவ்வொரு வாக்கியமாக எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவர் குரலும் இறங்கிப்போயிற்று.

மேடத்தின் அம்மாவும் உப்புப் போடுவாராம். சலவைக் கடையில் யாராவது வந்து கத்திவிட்டுப் போனால், அவர் போன பிறகு வாசலில் ஒரு கை உப்பை வீசுவாராம், கெட்டது திரும்பி வரக் கூடாது என்று. முதல் போட்டிக்குப் போன அன்று மகளுடைய பைக்குள்ளேயும் கொஞ்சம் போட்டுவிட்டாராம். "இங்க வந்து யாரோ எனக்காகப் போடுவாங்கன்னு நான் நினைக்கலை" என்றாராம். பிறகு சாரைப் பார்த்துச் சொன்னது: "அந்த ஜம்ப் உப்பாலே போகலை. இடுப்பு முன்னாடியே போயிடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை. அவங்களை வேலைக்குக் கூப்பிடுங்க."

நானே போய்க் கன்னியம்மாவைக் கூட்டி வந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. மேடம் ஊன்றுகோலோடு அவளிடம் போனார். மறுநாள் அமெரிக்காவுக்கு விமானம், எனக்கு இன்னொரு தரம் சுற்று என்று கையால் தலையைச் சுற்றிக் காட்டினார்.

"வேணாம் மேடம். என் கையி ஆவாது. என் கையால வேணாம்" என்று கன்னியம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மேடம் கேன்டீனிலிருந்து உப்பு வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார். தூள் உப்புதான் இருந்தது, கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் கையில் எடுத்துக் கன்னியம்மாவின் தலையைச் சுற்றிச் சுற்றினார். பாதி அவள் தோளிலேயே கொட்டியது. அழுதுகொண்டிருந்தவள், "இப்டி இல்ல மேடம், அந்தப் பக்கமா சுத்தணும்" என்றாள். மேடம் அந்தப் பக்கமாகச் சுற்றினார். மிச்ச உப்பை நான் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, வெளியே கொண்டுபோய்ச் செடி இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றினேன்.

அதற்குப் பிறகும் பல வருஷம் நானும் கன்னியம்மாவும் அங்கேயே ஐஸ் போட்டோம், தளத்தை மூடும்வரை. அந்த மூலையை மட்டும் நான்தான் நிரப்புவேன், அவள் அந்தப் பக்கம் வர மாட்டாள். மேடம் போன பிறகு அங்கே நிரப்ப ஒன்றும் இருக்காது, இருந்தாலும் தடவிப் பார்ப்பேன்.

கன்னியம்மா இப்போது பம்மலில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால்கூட உப்புச் சுற்ற மாட்டாள், மகளைத்தான் சுற்றச் சொல்வாள். மேடம் வலது காலைக் கையால் தூக்கிவைத்ததை நான் பார்த்தேன், உன் உப்புக்கு முன்னாலேயே பார்த்தேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "நீ என்னை ஆத்தறதுக்குச் சொல்றக்கா. அந்தம்மாவும் அதுக்குத்தான் சொல்லிச்சு" என்பாள். நான் பார்த்தது பொய் இல்லை. ஆனால் வலியோடும் அவர் தினமும் அந்த மூலையில் இறங்கிக்கொண்டுதானே இருந்தார் என்று எனக்கும் சில சமயம் தோன்றும்.

நிவேதிதா, அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இதை நீ சரிபார்க்க வேண்டும். ஊர்ப் பெயர், வருஷம், போட்டியின் பெயர் எதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது. எழுத்துப் பிழையையும் திருத்திவிடு. முக்கியமாக ஒன்று. உனக்கு இங்கிலீஷ் தெரியும், மேடத்தின் ஊரிலும் ஆளிருக்கும். ஆபரேஷன் ஆன அந்த இடுப்பு மறுபடியும் எப்போது பழுதாயிற்று, நம் தளத்தில் விழுந்ததற்கு முன்பா பின்பா, பிறகு எங்கேயாவது ஆடினாரா என்று விசாரித்துப் பார். முன்பே பழுது என்று தெரிந்தால், பம்மலுக்கு நேராகப் போய்க் கன்னியம்மாவிடம் நீயே சொல்லு, நான் சொன்னால் நம்ப மாட்டாள். வேறு மாதிரி தெரிந்தால் அவளிடம் சொல்ல வேண்டாம். என்னிடம் மட்டும் சொல்லு.